கம்பெனிப் பணம் கணினி ஆய்வகத்துக்குள் போனால் என்ன ஆகிறது?

புதுச்சேரி காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடை ஒன்றில் டீ சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். மாமா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சேதராப்பட்டில் மாத்திரைகளை அட்டையில் அடைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார் அவர். ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறை, தங்கள் ஆய்வகத்துக்கு நிதி ஆதரவு தர முடியுமா என்று கேட்டு அவருக்கு எழுதியிருந்தது.

“மாப்ளே, நான் கேக்கறத தப்பா எடுத்துக்காத. யுனிவர்சிட்டிக்கு அரசாங்கம் பணம் குடுக்குது, பசங்க ஃபீஸ் கட்டறாங்க. அப்புறம் நான் எதுக்கு? நான் குடுத்தா அது எங்க போவும்? எனக்கு என்ன திரும்பி வரும்?”

கடலூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லித்தருகிறவன் நான். டீ ஆறிப்போகும் வரை பேசியும் அந்தக் கேள்விகளுக்கு முழுதாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை. தொழில் நடத்துகிறவர்களுக்கும், ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் ‘கம்ப்யூட்டர் லேப்’ என்றாலே வரிசையாக அறுபது கணினி, ஓரத்தில் செருப்பு ஸ்டாண்டு, சுவரில் கால அட்டவணை என்று ஒரு அறைதான் கண்முன் வரும். அது பாடம் நடத்தும் லேப். பிள்ளைகள் பிராக்டிகல் செய்வார்கள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் விடை முன்பே தெரியும். ஆராய்ச்சி ஆய்வகம் வேறு. விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர், மூன்று நான்கு முனைவர் பட்ட மாணவர்கள், ஒன்றிரண்டு எம்.டெக். பிள்ளைகள், இயந்திரங்களைக் கவனிக்கும் ஒருவர் என ஒரு குழு வருடக்கணக்கில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஆய்வகம். அந்தக் குழு மரத்தடியில் உட்கார்ந்தாலும் அது ஆய்வகம்தான். குழு கலைந்துபோனால், ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கே ஆய்வகம் கிடையாது.

இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஒரு கல்லூரிக்கு ஒரு நிறுவனம் முப்பது நல்ல கணினிகளும் ஒரு சர்வரும் கொடுத்தது. வாசலில் பெயர்ப் பலகை வைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், ‘உயர் ஆராய்ச்சி மையம்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் ஒரு ஆய்வு மாணவருக்குக்கூட உதவித்தொகை ஒதுக்கவில்லை. மூன்றாம் வருடம் யூ.பி.எஸ். பேட்டரி வீங்கிப்போனது. மாற்றப் பணம் இல்லை. நான் அந்தக் கல்லூரியை விட்டுக் கிளம்பிய அன்று கடைசியாக எட்டிப் பார்த்தேன். கணினிகள் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைகள் மஞ்சளாகியிருந்தன. ஒரு மானிட்டரின் பாதுகாப்புத் தாள்கூட உரிக்கப்படவில்லை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். எதற்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஐம்பது லட்சம் எங்கே போகும்?

மாமாவுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டிய கணக்கையே இங்கேயும் போடுகிறேன். ஒரு தொழில் நிறுவனமோ, சிலர் சேர்ந்தோ மூன்று வருடத்துக்கு 50 லட்சம் ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது மாதிரிக் கணக்குதான். இடத்துக்கு இடம் மாறும்.

பல்கலைக்கழகம் முதலில் ‘ஓவர்ஹெட்’ என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மின்சாரம், கட்டடம், கணக்குப் பிரிவு, காவல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 15 விழுக்காடு என்றால் ஏழரை லட்சம். “தொடங்கும்போதே பிடிச்சிக்கிறாங்களா?” என்று மாமா முகம் சுளித்தார். அவர் யூனிட்டில் ஒரு அட்டைக்குப் போடும் விலையில் வாடகையும் கரண்ட் பில்லும் இல்லையா என்று கேட்டதும் புரிந்துகொண்டார்.

அடுத்தது மாணவர்கள். இந்தியாவில் ஆய்வு மாணவருக்கு, அதாவது ஜே.ஆர்.எஃப்.க்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று மத்திய அரசு விகிதம் வைத்திருக்கிறது. இரண்டு வருடம் முடிந்து எஸ்.ஆர்.எஃப்., அதாவது மூத்த ஆய்வு மாணவர், ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஒரு மாணவருக்கு முதல் இரண்டு வருடத்துக்கு 8 லட்சத்து 88 ஆயிரம், மூன்றாம் வருடத்துக்கு 5 லட்சத்து 4 ஆயிரம், ஆக 13 லட்சத்து 92 ஆயிரம். இரண்டு மாணவர் என்றால் 27 லட்சத்து 84 ஆயிரம். மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல் இங்கேயே போய்விட்டது. போகத்தான் வேண்டும்.

மீதி 14 லட்சத்து 66 ஆயிரம். அதில் எட்டு லட்சம் ஜி.பி.யூ. பொருத்திய இயந்திரத்துக்கு என்று வைத்தால், பாக்கி ஆறரை லட்சத்துச் சொச்சத்தில் கேமரா, விளக்கு, பேட்டரி, ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்பு, கருத்தரங்கப் பயணம், பழுது எல்லாம் நடக்க வேண்டும்.

ஜி.பி.யூ. என்பது ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் சில்லு. கம்ப்யூட்டர் கேமுக்காக வந்தது, இன்று செயற்கை நுண்ணறிவின் உலைக்களமாக இருக்கிறது. எவ்வளவு பெரியது வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. 700 கோடி எண்களால் ஆன ஒரு மொழி மாதிரியை (தானாக வாக்கியம் எழுதும் ஏ.ஐ. மென்பொருளை) எடுத்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பைட் வீதம் அதை நினைவகத்தில் ஏற்றி வைக்கவே 14 ஜி.பி. வேண்டும். பயிற்சி கொடுக்க அதைப்போல் பல மடங்கு. எட்டு ஜி.பி.யூ. உள்ள என்விடியா டி.ஜி.எக்ஸ். எச்100 பெட்டி ஒன்று முழு வேகத்தில் ஓடினால் 10.2 கிலோவாட் வரை இழுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 245 யூனிட். அதைக் குளிர்விக்கும் ஏசிக்கு ஆகும் கரண்ட் இதில் சேரவில்லை. மாமாவின் மாத்திரை அட்டைக்கு அதெல்லாம் வேண்டியதே இல்லை, 24 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு கார்டு தாராளம்.

சின்ன இயந்திரத்தில் பெரிய வேலை நடக்காது என்று யாராவது சொன்னால் 2012-ஐ நினைவுபடுத்துங்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ்நெட் என்ற படமறியும் வலையமைப்பை உருவாக்கினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்குப் பெரிய திருப்புமுனை அது. அதற்குப் பயிற்சி கொடுத்தது கடையில் கிடைத்த, கேம் ஆடுவதற்கான ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள் இரண்டில். ஆறு நாளுக்குள் பயிற்சி முடிந்தது. ஆனால் அந்த ஆறு நாளுக்கு முன்னால் பல வருடம் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஆட்கள் இருந்தார்கள்.

மாமாவுக்கு என்ன திரும்பி வரும்?

அவர் யூனிட்டில் கன்வேயரின் கடைசியில் நான்கு பெண்கள் உட்கார்ந்து அட்டைகளைக் கண்ணால் பார்த்துத் தள்ளுவார்கள். குழி காலியாக இருந்தாலோ மாத்திரை முனை உடைந்திருந்தாலோ எடுத்து ஓரம் போட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கண் பூத்துப்போகும். கேமரா வைத்தால் என்ன என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்.

கேமராவை அந்த அட்டைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழியின் வளைவில் விளக்கு பட்டு ஒரு வெள்ளைப் பொட்டு தெறிக்கும். பின்னாலிருக்கும் அலுமினியத் தாள் கண்ணாடி மாதிரி மினுக்கும். வெள்ளை மாத்திரை மேல் வெள்ளைப் பொட்டு விழுந்தால் அது மாத்திரையா ஒளியா என்று இயந்திரம் தடுமாறும். விளக்கைச் சாய்த்தால் நிழல் விழுந்து, முழு மாத்திரையே உடைந்ததுபோல் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் கற்றுக்கொள்ள உதாரணம் வேண்டும். நல்ல அட்டை லட்சக்கணக்கில் கிடைக்கும். கெட்ட அட்டை அபூர்வம். அடுத்த மாதம் வேறு நிற மாத்திரை, வேறு குழி. மறுபடி முதலிலிருந்து. குறையை மிகக் குறைவாகவே பார்த்த ஒரு இயந்திரம், இதுவரை பார்க்காத குறையை எப்படிக் கண்டுபிடிக்கும்? கணினிப் பார்வைத் துறையில் இன்றும் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

இங்கேதான் ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. விடை தெரிந்த வேலையைச் செய்துகொடுக்கச் சொன்னால் அது கன்சல்டன்சி. ‘இந்த மாடல் கேமராவைப் பொருத்தி, இந்த மென்பொருளை ஓட்டிக் கொடுங்கள்’ என்பது அந்த வகை. ஆறு மாதத்தில் முடியும், பில் போடுவார்கள், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. விடை தெரியாத கேள்விக்குப் பணம் கொடுத்தால் அது ஆராய்ச்சி ஆதரவு. அதில் தோற்கவும் வாய்ப்பு உண்டு என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அரசு நிறுவனங்களுக்கும், வருமான வரிச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும் வரும் ஆராய்ச்சி மானியத்துக்கு 2024 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. விலக்கும் இருக்கிறது. பல நிறுவனங்கள் கன்சல்டன்சியை மனதில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. மனக்கசப்பெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆக, மாமாவுக்குத் திரும்பி வருவது மூன்று விஷயம். தன் பிரச்சினையைத் தன்னைவிட ஆழமாகப் புரிந்துகொண்ட இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவர் நாளை அவரிடமே வேலைக்கு வரலாம். முடிவு வெளியாகும்போது அதை எல்லோருக்கும் முன்னால் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு. பிறகு, சந்தையில் யாராவது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ‘இது ஏ.ஐ. சார்’ என்று விலை சொன்னால், எது நிஜம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு இடம். மூன்றாவதன் மதிப்பை நிறையப் பேர் உணர்வதில்லை.

ஆய்வகத்துக்குக் கிடைப்பதில் பணத்தைவிடப் பெரியது அந்தக் கேள்வியும், மாத்திரை அட்டைகளும்தான் என்பேன். இணையத்தில் கிடைக்கும் பூனை, நாய்ப் படங்களை வைத்து ஆயிரம் ஆய்வுக்கட்டுரை எழுதலாம். தூசியும் அதிர்வும் கண்கூசும் ஒளியும் உள்ள தொழிற்சாலைத் தரவு வெளியே கிடைக்காது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு இது புரியும். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற வளர்ச்சி ஆராய்ச்சி அமைப்பின் நிதியோடு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அலை உயரம் எவ்வளவு என்ற முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்த நிதி தொழில் நிறுவனத்திலிருந்து வந்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன்: கணினியும் பணமும் எங்கிருந்தோ வந்தன, கேள்வி கடற்கரையிலிருந்து வந்தது. அதனால்தான் அது பயன்பட்டது.

பெர்க்லியில் நடந்தது

தொழில் நிறுவன ஆதரவால் வளர்ந்த கணினி ஆய்வகத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000-களின் நடுவில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா பல்கலைக்கழகக் கணினித் துறைகளுக்குத் தந்துகொண்டிருந்த பணம் சுருங்கியது. பேராசிரியர் டேவிட் பேட்டர்சனும் சக பேராசிரியர்களும் நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். 2005 இறுதியில் கூகுள், மைக்ரோசாஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் மூன்றும் ஆளுக்கு வருடம் 5 லட்சம் டாலர் வீதம் ஐந்து வருடத்துக்குத் தர ஒப்புக்கொண்டன. மொத்தம் 75 லட்சம் டாலர். ‘ரேட் லேப்’ பிறந்தது. மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நிறுவனங்கள். எப்படி ஒரே பாயில் உட்கார்ந்தன? ஆய்வகத்தில் எழுதும் மென்பொருள் யாருக்கும் சொந்தமாகாது, எல்லோருக்கும் திறந்தே வெளியிடப்படும் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். யாருக்கும் தனி உரிமை இல்லை என்றால் சண்டைக்கும் இடமில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் கூடுவார்கள். மாணவர்கள் தங்கள் வேலையைச் சொல்ல, நிறுவனங்களிலிருந்து வந்த பொறியாளர்கள் கேள்வி கேட்பார்கள். கடைசியில் அவர்கள் எழுந்து நின்று, எது உருப்படும், எது உருப்படாது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஆயிரக்கணக்கான சர்வர்களை ராத்திரி பகலாக ஓட்டியவர்கள் சொல்லும் அந்த அரை மணி நேர விமர்சனத்தை எந்தப் பாடநூலும் தராது. இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார்கள்: ஆய்வகத்துக்கு ஏறத்தாழ ஐந்து வருட ஆயுள். முடிந்ததும் கலைத்துவிட்டு, புதுக் கேள்வியோடு புது ஆய்வகம். ரேட் லேப் முடிந்து 2011-ல் ஆம்ப் லேப், 2017-ல் ரைஸ் லேப்.

இதில் என்ன விளைந்தது என்றால், 2009-ல் மடெய் ஸஹாரியா என்ற மாணவர் ஸ்பார்க் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அப்போது பெருந்தரவைக் கையாள ஹடூப் என்ற மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த விடையை வட்டில் எழுதி, அடுத்த கட்டத்துக்கு மறுபடி வட்டிலிருந்து எடுக்கும். ஒரே தரவைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டிய மெஷின் லேர்னிங் (தரவைப் பார்த்து இயந்திரம் கற்கும்) வேலைக்கு அது ஆமை வேகம். அதே ஆய்வகத்தில் இருந்த மெஷின் லேர்னிங் மாணவர்கள் இந்தச் சிரமத்தைப் பக்கத்து மேசையிலிருந்து சொன்னார்கள். தரவை நினைவகத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்படி ஸ்பார்க் எழுதப்பட்டது. 2010-ல் திறந்த மூலமாக வெளியானது, 2013-ல் திறந்த மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் டேட்டா இன்ஜினியர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ரெஸ்யூமில் எழுதும் ஸ்பார்க் இதுதான். பணம் கொடுத்த நிறுவனம், கொடுக்காத நிறுவனம் என்ற பேதமில்லாமல் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடும் சிப் செய்யும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து, கம்பி இழுக்காமலேயே கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் தரும் கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அந்தப் பழக்கம் வளர்ந்துதான் 2010-ல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. அங்கே இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பது, ஆய்வுக்கு நிதி தருவது என்று பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளி சேர்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. 1985-ல் தொடங்கிய பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமும், 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டுப் பக்கம் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. சேதராப்பட்டு தொழிற்பேட்டை பைக்கில் போகும் தூரம். அப்படி ஒரு புள்ளிக் கணக்கு இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சின்னவர்கள் என்ன செய்வது?

“கூகுள் குடுப்பான், நான் குடுப்பேனா?” என்றார் மாமா. நியாயம்தான்.

இதற்கு வழி கூட்டு உறுப்பினர் முறை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பேரலல் டேட்டா லேப் 1993-லிருந்து இப்படி நடக்கிறது. பல நிறுவனங்கள் வருடச் சந்தா கட்டுகின்றன, ஆய்வு முடிவுகளை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஏலச்சீட்டு மாதிரி என்று மாமாவிடம் சொன்னேன். பத்துப் பேர் மாதாமாதம் கட்டுகிறார்கள். ஆனால் சீட்டில் ஒரு மாதம் ஒருவர்தான் எடுப்பார், இங்கே விளைந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அறிவு பங்கு போட்டால் குறைவதில்லையே. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கடலூர் சிப்காட் என்று சுற்றி எத்தனை யூனிட்! அவற்றில் எட்டுப் பேர் வருடம் இரண்டு லட்சம் போட்டால் 16 லட்சம், மூன்று வருடத்தில் 48 லட்சம். மேலே சொன்ன கணக்கு கிட்டத்தட்ட ஓடிவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கு சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புக் கடமை இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். ஆனால் சொந்தத் தொழிலுக்கான வேலையை அந்தப் பணத்தில் செய்துகொள்ள முடியாது. கண்டுபிடிப்பு உரிமை எனக்கே வேண்டும் என்று கேட்கும் நிறுவனம் சி.எஸ்.ஆர். பணத்தைத் தொடக்கூடாது. அரசும் தொழில்துறையின் பங்கை எதிர்பார்க்கிறது: 2023-ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டபோது, அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

எம்.ஓ.யூ. போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்த பிறகு ஒன்றும் நடக்காமல் போன கதை நம் கல்லூரிகளில் ஏராளம். புரிந்துணர்வு ஒப்பந்தம் வேறு, பணமும் பொறுப்பும் எழுதிய திட்ட ஒப்பந்தம் வேறு. இரண்டாவதில் நான் முதலில் தேடும் வரி ஒன்றுதான்: மாணவர் தன் ஆய்வை வெளியிடலாமா?

நிறுவனம் தன் ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று அஞ்சுவது இயல்பு. அதற்கு, கட்டுரையை அனுப்பும் முன் முப்பது நாளோ அறுபது நாளோ நிறுவனம் படித்துப் பார்க்கலாம் என்று எழுதிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பெயர், மருந்தின் பெயர் போன்றவற்றை நீக்கச் சொல்லலாம். வெளியிடவே கூடாது என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். முனைவர் பட்டம் என்பதே புதிதாக ஒன்றைக் கண்டு ஊரறியச் சொல்வதற்குத்தான். நான்கு வருடம் உழைத்த பிள்ளை, ஒரு கம்பெனியின் மேலாளர் மாறியதால் ஆய்வேட்டைப் பூட்டி வைக்கும் நிலை வந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

உரிமை விஷயத்தில் இந்தியச் சட்டம் ஒரு திருப்பம் வைத்திருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது. நிரலைக் காப்பது பதிப்புரிமை. எனவே ‘பேட்டன்ட் யாருக்கு’ என்று மாதக்கணக்கில் இழுபறி செய்வதைவிட, நிரலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நாலு வரியில் தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது. நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் உரிமை, ஆய்வகத்துக்குத் திறந்து வெளியிடும் உரிமை. பெரும்பாலான திட்டங்களுக்கு இதுவே போதும்.

பணம் மொத்தமாக வராது, தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் பி.ஐ., அதாவது திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியர், செலவுக் கணக்கு காட்டி யூ.சி. என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். யூ.சி. ஒரு மேசையில் தேங்கினால் மாணவரின் உதவித்தொகை தேங்கும். மூன்று மாதம் சம்பளம் வராமல், வில்லியனூரிலிருந்து காலாப்பட்டுக்கு பஸ் காசு கடன் வாங்கி வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஆகவே முதல் தவணையில் குறைந்தது ஆறு மாத உதவித்தொகை முன்பணமாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 1998-ல் பெர்க்லியின் தாவரவியல் துறை ஒன்றுக்கு மருந்து நிறுவனமான நோவார்டிஸ் ஐந்து வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுத்தது. நிதியைப் பங்கிடும் குழுவின் ஐந்து இடங்களில் இரண்டு நிறுவனத்துக்கு. துறையின் கண்டுபிடிப்புகளில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பும் அதற்கே. ஒரே நிறுவனம் ஒரு துறை முழுவதையும் தாங்குவதா என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. 2015-ல் வேறு விதம். கார்னகி மெலனோடு கைகோர்ப்பதாக அறிவித்த ஊபர், அங்கிருந்த தேசிய ரோபாட்டிக்ஸ் மையத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது பேரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு 55 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. பணம் வந்தது, ஆட்கள் போனார்கள். ஒரே தூணில் கூரை போடாமல், மூன்று நான்கு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதும், அரசு மானியத்தை விடாமல் வைத்திருப்பதும் இதனால்தான் முக்கியம்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆய்வகம் இருந்தால் உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை அரிக்கும், சர்வர் பலகைகளில் பச்சை படியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையில் தரைத்தளத்தில் வைத்த எதற்கும் உத்தரவாதம் இல்லாமல் போனது. இயந்திரத்தை மாடியில் வையுங்கள், பேட்டரியை மேடை கட்டி வையுங்கள், தரவின் ஒரு நகலை வேறு ஊரில் வையுங்கள். பணம் தருகிறவர்கள் இதை அற்பச் செலவு என்று வெட்ட விடாதீர்கள்.

போன மாதம் மாமா ஒரு ஷூ பெட்டி நிறைய, ஓரம் போட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அந்தத் துறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஆய்வு மாணவி ஒருத்தி ஒரு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஏழாவது குழியில் மாத்திரை முனை உடைந்திருந்தது. சாய்த்த ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்தது, அடுத்த கணம் ஒளியில் மறைந்துவிட்டது.

“இத எப்படி உங்க ஆளுங்க கண்டுபிடிக்கிறாங்க சார்?”

“அந்த அக்காங்க அட்டைய ஒரு தடவ மடக்கிப் பாப்பாங்கம்மா. உடஞ்சிருந்தா லேசா சத்தம் வரும்.”

அவள் உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். கேமராவோடு மைக்கும் வைக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டாள். அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் இருப்பதையே மறந்துபோனார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பாதி வழி தாண்டிய பிறகு கேட்டார்: “அந்தப் பொண்ணுக்கு மாசச் சம்பளம் எந்தத் தேதியில போடுவாங்க மாப்ளே?”